ஹமீதா பானு: மோத மறுத்தவரும் கோதாவை மூடியவர்களும்

பெண்ணோடு மல்யுத்தம் செய்ய மாட்டேன் என்று 1954 மே மாதம் ஒரு பயில்வான் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். அவர் பெயர் சோட்டா காமா. பரோடா மகாராஜாவின் ஆதரவு பெற்றவர். அவருடன் மோதுவதற்காக பரோடாவுக்கு வந்திருந்தவர் ஹமீதா பானு. இன்று சோட்டா காமாவின் பெயர் எங்கேயாவது அடிபடுகிறது என்றால், அது பெரும்பாலும் ஹமீதாவின் கதையைச் சொல்லும் இடத்தில்தான்.

யாழ்ப்பாணத்தில் பல வருடங்களாகப் பெண் பிள்ளைகளுக்குக் கரப்பந்தாட்டம் பழக்கி வருகிறேன். நம்பிக்கை காரணமாக எதிர்ப்பாலாருடன் விளையாட மறுப்பது சரியா, பிழையா என்ற கேள்வி எங்கள் மைதானங்களிலும் எழுகிறது. அப்போதெல்லாம் எனக்கு ஹமீதாவின் வாழ்க்கைதான் ஞாபகத்துக்கு வரும்.

உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரைச் சேர்ந்தவர் ஹமீதா. மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு பெண் கோதாவில் இறங்குவதை ஊர் ஏற்கவில்லை. அதனால் அலிகாருக்குப் போய், சலாம் பயில்வானிடம் பயிற்சி பெற்றார். அவருக்கு ஈடாக நின்று மோத அன்று பெண்கள் கிடைக்கவில்லை. மல்யுத்தம் செய்வதென்றால் ஆண்களோடுதான் செய்ய வேண்டும் என்பதே நிலைமை. 1940களிலும் 50களிலும் அவர் 300க்கும் மேற்பட்ட போட்டிகளில் வென்றதாகச் சொல்லப்படுகிறது.

5 அடி 3 அங்குல உயரம், 108 கிலோ எடை. அன்றைய பத்திரிகைகள் அவருடைய வெற்றிகளோடு சாப்பாட்டையும் பட்டியலிட்டன. நாளொன்றுக்கு ஐந்தரை லீற்றருக்கு மேல் பால், ஆறு முட்டை, அரைக் கிலோ வெண்ணெய், ஏறக்குறைய ஒரு கிலோ ஆட்டிறைச்சி, இரண்டு தட்டுப் பிரியாணி. ஆறு மணி நேரப் பயிற்சி, ஒன்பது மணி நேரத் தூக்கம்.

1954 பெப்ரவரியில் ஆண் பயில்வான்களுக்கு அவர் ஒரு சவால் விட்டார். தன்னைத் தோற்கடிப்பவரை மணப்பதாக அறிவித்தார். பட்டியாலாவிலிருந்து ஒருவர், கல்கத்தாவிலிருந்து ஒருவர் என இரண்டு பேர் வந்து தோற்றார்கள். மூன்றாவது போட்டிதான் பரோடாவில் நடக்கவிருந்தது. சோட்டா காமா விலகியதும் பாபா பயில்வான் களமிறங்கினார். 1 நிமிடம் 34 விநாடியில் போட்டி முடிந்தது. வென்றவர் ஹமீதா.

இந்த இடத்தை நான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன். சோட்டா காமா மறுத்தார். அது அவருடைய முடிவு. உடலோடு உடல் பிணையும் விளையாட்டில் ஒரு பெண்ணைத் தொட்டு மோத மனம் ஒப்பவில்லை என்றால், அவரைக் கட்டாயப்படுத்த ஆருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர் விலகியபோது கோதா திறந்தே இருந்தது. இன்னொருவர் வந்தார், ஹமீதா மோதினார், வென்றார்.

பூனாவில் நடந்தது வேறு. அங்கே ராம்சந்திர சாலுங்கேயுடன் ஏற்பாடாகியிருந்த போட்டியை உள்ளூர் மல்யுத்தச் சம்மேளனத்தின் எதிர்ப்பு நிறுத்தியது. மோத வேண்டிய இருவருக்காகவும் மூன்றாம் ஆட்கள் முடிவெடுத்தார்கள். வேறொரு சமயம், ஆணொருவரை வென்றதற்காகக் கூட்டம் அவரை இகழ்ந்து கூச்சலிட்டுக் கல்லெறிந்தது. பொலிஸார் தலையிட வேண்டியிருந்தது. தனது போட்டிகள் தடுக்கப்படுவதாக பம்பாய் மாகாண முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் ஹமீதா முறையிட்டார். பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, போட்டி ஏற்பாட்டாளர்கள் போலி எதிராளிகளை நிறுத்துவதாக வந்த முறைப்பாடுகளே காரணம் என்று பதில் வந்தது. அவர் வெற்றிகள் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டவை என்ற சந்தேகத்தை அன்று பலர் எழுப்பினார்கள். ஆனால் அதே ஆண்டு ரஷ்ய வீராங்கனை வேரா சிஸ்டிலினை பம்பாயில் ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தியவரும் இவர்தான்.

அடுத்து ஐரோப்பா போய் மோதப் போவதாக அறிவித்தார். அந்தப் பயணம் நடக்கவேயில்லை. மல்யுத்த உலகிலிருந்தே அவர் மறைந்துபோனார். சலாம் பயில்வான் அந்தப் பயணத்தை விரும்பவில்லை என்றும், தடுப்பதற்காக அவரை அடித்துக் கையை முறித்தார் என்றும் ஹமீதாவின் பேரன் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஊடகங்களிடம் சொன்னார். பிற்காலத்தில் பம்பாய்க்கு அருகே கல்யாணில் பால் விற்றும், தெருவோரத்தில் பலகாரம் விற்றும் சீவித்தார். 1986இல் காலமானார். பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2004இல்.

நம்பிக்கைக்காக விலகும் வீரர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2011இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பாடசாலை மல்யுத்தப் போட்டியில், பெண்ணோடு மோதுவது தன் மத நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று ஒரு மாணவன் விலகினான். பட்டம் வெல்லும் வாய்ப்பு இருந்தும் அதை விட்டுக்கொடுத்தான். அந்தத் துணிவைப் பலரும் பாராட்டினார்கள். அந்தப் பிள்ளைக்கோ, அத்தொடரில் ஒரு பெண் பெற்ற முதல் வெற்றி மோதாமலேயே கிடைத்தது.

அப்படிக் கிடைக்கும் வெற்றி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் வடமராட்சியில் ஒரு கலப்பு அணிப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகள் ஒரு மாதம் பழகினார்கள். எதிரணிப் பெடியன்கள் சிலர் வீட்டில் விருப்பமில்லை என்று வரவில்லை. கிண்ணம் எங்களுக்கு என்று அறிவித்தார்கள். அதை வாங்க ஒரு பிள்ளையும் முன்னுக்குப் போகவில்லை. தாங்கள் விளையாட வந்தவர்கள், கிண்ணம் வாங்க வந்தவர்கள் இல்லை என்பதே அவர்களுடைய கோபம்.

வராத பெடியன்களில் எனக்குக் கோபமில்லை. மறுப்பது அவரவர் உரிமை. ஆனால் மறுப்பவர் தன் இடத்தை மட்டுமே காலியாக்கலாம். எதிரே நிற்பவருக்கு வேறு ஆளைத் தேடிக் கொடுப்பது ஏற்பாட்டாளர்களின் கடமை. தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்கள் உதைபந்தாட்டத்தில் தேசிய மட்டத்தில் வெல்கிறார்கள் என்றால், அவர்களுக்கென்று அணியும் பயிற்றுநரும் மைதானமும் இருப்பதால்தான். ஹமீதாவுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. கோதாவை மூடியவர்களில் ஒருவராவது, பிறகு இந்தப் பெண் ஆரோடு மோதுவாள் என்று யோசித்திருந்தால், அவர் ஐரோப்பாவிலும் வென்றிருக்கக்கூடும்.