பேரறிஞர் ஃபத்துல்லா ஷிராசி

பிறந்த மண்ணை விட்டு அயலிடம் சென்று, கற்ற கல்வி ஒன்றையே முதலாகக் கொண்டு வாழ்ந்து, சென்ற நாட்டுக்கு நற்பயன் விளைத்த பெரியோர் பலர். அவருள் ஒருவர் வரலாற்றை இவ்வாண்டு மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம். கணிதமும் மருத்துவமும் ஒருங்கே கற்றுத் தேர்ந்த அவர், நாம் வாழும் இக்கருநாடகத்திலும் சில காலம் வாழ்ந்தவர். ஆதலின் எலெக்ட்ரானிக் சிட்டித் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் முற்றிலும் அயலார் அல்லர். அவரே ஃபத்துல்லா ஷிராசி.

பாரசீக நாட்டின் ஷிராஸ் நகரில் பதினாறாம் நூற்றாண்டில் தோன்றிய இவர், கியாசுத்தீன் மன்சூர் முதலிய ஆசிரியர்பால் தருக்கம், தத்துவம், கணிதம், வானநூல், மருத்துவம் ஆகியவற்றைக் கற்றார். அக்காலத்தில் இத்துறைகள் இன்று போல் தனித்தனியே பிரிந்து நிற்கவில்லை. நாடி பார்ப்பவர் கோள்களின் நெறியையும் கணிப்பார். எனினும், ஏட்டறிவோடு கைவினையும் சேரப் பெற்றவர் அன்றும் சிலரே. ஃபத்துல்லா அச்சிலருள் ஒருவர். வண்டி ஓடும்போதே மாவரைக்கும் இயந்திரமும், ஒரே சக்கரத்தால் பன்னிரண்டு துப்பாக்கிகளை வெடிக்கச் செய்யும் பொறியும் அவர் அமைத்தார் என்று அக்கால வரலாற்றாசிரியர் நிசாமுத்தீன் அகமது எழுதி வைத்துள்ளார்.

அவர் புகழ் தக்காணத்துப் பீஜப்பூரை எட்டியது. இன்று விஜயபுரம் என வழங்கும் அந்நகருக்குப் பெங்களூரில் மாலையில் இரயிலேறினால் மறுநாள் காலையில் சென்று சேரலாம். அங்கே அரசாண்ட முதலாம் அலி அடில் ஷா அவரை வரவழைத்துப் பெருமைப்படுத்தினார். ஆனால், 1580இல் அம்மன்னர் கொலையுண்டார். சிறுவர் ஒருவர் அரியணை ஏற, ஆட்சியைக் கைப்பற்றப் பிரபுக்கள் தம்முள் போரிட்டனர். இந்நிலையில் அக்பரின் அழைப்பு வந்தது. 1583இல் ஃபத்துல்லா ஃபதேபூர் சிக்ரியை அடைந்தார்.

அக்பர் இவரை அவைக்கு அணிகலனாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1585இல் அமீன்-உல்-முல்க் என்னும் பதவி அளித்து, நிதித்துறையில் இராஜா தோடர்மாலுடன் கலந்து பணியாற்றச் செய்தார். நெடுநாள் தீராது கிடந்த பழைய வரவு பாக்கிகளை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பு இவரிடம் வந்தது. பழைய பாக்கி என்பது எத்தகைய சிக்கல் என்பதைக் கணக்கேடுகளோடு நாள்தோறும் உழலும் எம் போன்ற இரயில்வே எழுத்தர் நன்கறிவோம். கோள்களைக் கணித்த அறிஞர், குடியானவன் செலுத்திய பணத்தின் கணக்கையும் இழிவென்று கருதாது பார்த்தார்.

இவருடைய பெரும்பணி இலாஹி ஆண்டுமுறை. அதுவரை அரசுக் கணக்குகள் ஹிஜிரி ஆண்டின்படி நடந்தன. அது சந்திரனைக் கொண்டது. ஏறத்தாழ 354 நாட்களே உடையது. பயிரோ சூரியனைக் கொண்டு விளைவது. ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைய, 32 அறுவடைகளுக்குள் 33 ஹிஜிரி ஆண்டுகள் கடந்துவிடும். அவ்வாண்டுகளை எண்ணி வரி கேட்டால், விளையாத ஓர் ஆண்டுக்கும் உழவன் வரி செலுத்த நேரும். நம் கன்னட அயலார் யுகாதி கொண்டாடுவதும் சந்திரனைக் கொண்டே எனினும், அவர்கள் ஏறத்தாழ மூன்றாண்டுக்கொரு முறை அதிக மாதம் சேர்த்துப் பருவத்தோடு இணைத்துக்கொள்வர். நம் சித்திரைப் பிறப்போ சூரியனையே பின்பற்றுவது. ஹிஜிரியில் இத்தகைய இணைப்பு இல்லை. ஃபத்துல்லா, சமர்க்கந்தின் உலுக் பேக் வகுத்த வானியல் அட்டவணைகளைத் துணைக்கொண்டு, சூரிய ஆண்டு ஒன்றை வகுத்தார். 1584இல் அரசாணை பிறந்தது. அக்பர் முடிசூடிய 1556ஆம் ஆண்டின் இளவேனில் முதலாக அது எண்ணப்பெற்றது. வானநூல் உழவன் வீட்டு வாயிலுக்கு நீதியாய் வந்து நின்றது.

இத்துணைப் பணிகளுக்கிடையே அவர் பிரபுக்களின் இல்லங்களுக்குச் சென்று சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். ஏழெட்டு வயதுச் சிறுவர்க்குப் புள்ளியும் கோடும் எழுத்தும் கற்பித்தார். அபுல் ஃபசலின் மகனும் அவரிடம் பயின்றார். வரலாற்றாசிரியர் பதாயூனி இதனை ஏளனம் செய்கின்றார். பேரறிஞர் அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பது அவர் கண்ணுக்கு இழிவாகப்பட்டது. பாடம் நடத்துங்கால் கடுஞ்சொல் பேசுவார் என்ற குறையையும் அவர் பதிந்துள்ளார். கடுஞ்சொல் குறையே, ஐயமில்லை. ஆயின் அரிச்சுவடி கற்பித்ததே அவர்தம் பெருமை என்பது எம் துணிபு. உயர்கல்வியிலும் பாரசீக அறிஞர் நூல்களை இந்நாட்டுப் பாடத்திட்டத்தில் புகுத்தி, அறிவு நூல்களுக்கு அவர் இடம் தேடித் தந்தார்.

1589இல் அக்பருடன் காஷ்மீரம் சென்றார். அங்கே கடுங்காய்ச்சல் கண்டது. தாமே மருத்துவராதலின் தமக்குத் தாமே மருத்துவம் பார்த்துக்கொண்டார். இறைச்சியும் தானியமும் சேர்த்து நெடுநேரம் வேகவைக்கும் ஹரீசா என்னும் கனத்த உணவை உண்டார். ஹக்கீம் அலி என்னும் மருத்துவர் எவ்வளவோ தடுத்தும் செவிசாய்க்கவில்லை. நோய் முற்றி உயிர் பிரிந்தது. சீநகருக்கு அருகில் தக்த்-இ-சுலைமான் குன்றில் அவரை அடக்கம் செய்தனர் என்று பதாயூனி கூறுகின்றார். ஃபத்துல்லாவைப் பகைவர் சிறைப்பிடித்து மீட்புப் பொருளாகத் தம் கருவூலம் முழுவதையும் கேட்டிருப்பினும் மகிழ்ந்து கொடுத்திருப்பேன் என்னும் பொருள்பட அக்பர் வருந்தினாராம். மருத்துவ அறிஞர் அபுல் ஃபதே கிலானியும் தோடர்மாலும் அதே ஆண்டில் மறைந்தனர்.

இலாஹி ஆண்டு பிற்கால மொகலாயர் ஆட்சியில் வழக்கொழிந்தது. அவர் செய்த பொறிகளும் இன்றில்லை. எனினும் இவ்வாழ்க்கை நமக்கு இரண்டு உண்மைகளை விட்டுச் சென்றுள்ளது. கற்ற கல்வி உழவன் கணக்குக்கும் குழந்தையின் பலகைக்கும் இறங்கி வரும்போதே நிறைவு பெறும் என்பது ஒன்று. எத்துணைக் கற்றாரும் தமக்கு நோய் வந்தால் பிறர் சொல்லைக் கேட்டல் வேண்டும் என்பது மற்றொன்று. கணிப்பொறி முன் அமர்ந்து உலகுக்கெல்லாம் கணக்கிடும் நம் குடியிருப்பின் இளைஞர்கள், மாலையில் ஒரு நாழிகை நம் சங்கத்துச் சிறுவர்க்கு அரிச்சுவடி சொல்லித் தருவார்களாயின், அப்பேரறிஞரின் வழியில் அவர்களும் நிற்பார்கள். வாழ்க கல்வி; வளர்க நம் சங்கம்.