உடம்பை நம்பிய கலைஞன்

பாச்சலூர் மலைச்சரிவில் காப்பி மூட்டையைத் தோளில் ஏற்றி நடக்கும் தோழருக்கு, எடை என்றால் என்னவென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரைப் போன்ற உழைப்பாளிகள் ஒரு காலத்தில் டூரிங் கொட்டகை மணல்தரையில் அமர்ந்து, சீட்டியடித்து வரவேற்ற ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். பி. யு. சின்னப்பா! திரையில் வாள் வீசுகிறவன் மெய்யாகவே வீசுகிறானா என்பதைக் கம்பு பிடித்துப் பழகிய கை உடனே கண்டுகொள்ளும். அந்தக் கைகள் சின்னப்பாவை ஏற்றுக்கொண்டன.

1916-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளையும் நாடக நடிகர்தான். நடிகன் வீட்டு அடுப்பு நாள்தோறும் எரிந்ததா என்று கேட்கவும் வேண்டுமா? பிள்ளைப் பருவத்திலேயே படிப்பு நின்றது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். எம். ஜி. இராமச்சந்திரனும் அதே கம்பெனிப் பிள்ளைதான். பகலெல்லாம் பாட்டும் வசனப் பாடமும், இரவெல்லாம் நாடகம். பிள்ளை உழைப்பு என்று இன்று சட்டம் சொல்லும். அன்று அதற்குக் குருகுலம் என்று பெயர்!

மீசை அரும்பியது, குரல் உடைந்தது. குரல் உடைந்த பையனுக்குக் கம்பெனியில் என்ன மதிப்பு? வெளியே வந்தார். அழுதுகொண்டு உட்காரவில்லை. குரலை மீண்டும் பழக்கினார். சிலம்பமும் குஸ்தியும் கற்றார். எடை தூக்கினார், 190 ராத்தல்வரை தூக்கியதாக அவர் வாழ்க்கையை எழுதியோர் குறித்திருக்கிறார்கள்.

1936-ல் ‘சந்திரகாந்தா’வில் திரைக்கு வந்தார். பெயர் வந்தது, அடுத்தடுத்து வந்த படங்கள் கைகொடுக்கவில்லை. சோர்ந்து போனவரைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அழைத்தார். 1940-ல் ‘உத்தமபுத்திரன்’. தமிழ்ப் படத்தில் ஒரே நடிகர் இரட்டை வேடம் பூண்டது அதுவே முதல் தடவை.

அன்று இரட்டை வேடம் என்றால் எவ்வளவு பாடு! காமிராக் கண்ணில் பாதியை மறைத்து, ஒருவனாக நடிக்க வேண்டும். பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை மறைத்து, அதே பிலிமில் மற்றவனாக நடிக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் கை காணாமற் போகும், பிலிமும் பாழ். வெறும் காற்றைப் பார்த்துச் சினக்க வேண்டும், கண் சரியான உயரத்தில் நிற்க வேண்டும். இது மூட்டை தூக்குவதைவிட இலேசான வேலை என்று நாம் எண்ணவில்லை. 1944-ல் ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் பாடகரும் அவரே, பக்கவாத்தியக்காரர்களும் அவரே. ஒரே மேடையில் ஐந்து சின்னப்பாக்கள்! 1949-ல் ‘மங்கையர்க்கரசி’யில் மூன்று வேடம்.

‘ஆர்யமாலா’வின் காத்தவராயன், ‘கண்ணகி’யின் கோவலன் என்று புகழ் குவிந்தது. பணமும் குவிந்தது, புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கினார். உருண்டு திரண்ட அந்த உடம்போ நெடுநாள் தாங்கவில்லை. 1951 செப்டம்பர் 23-ல் இரத்த வாந்தி எடுத்து மாண்டார். வயது 35. அவர் நடித்த ‘சுதர்சன்’ அதன் பிறகுதான் கொட்டகைக்கு வந்தது.