கடலுக்குள் கறுத்துப்போன சிவப்பு இறால்: யார் இந்த வில்லியம் பீப்?

நல்ல சிவப்பான ஆழ்கடல் இறால் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினால் என்ன ஆகும்? இறாலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனா, அதன் நிறம் காணாமல் போய்விடும். கொஞ்ச ஆழத்திலேயே சிவப்பு மறைந்து, கன்னங்கரேல் என்று தெரியும்.

1930இல் இப்படி ஓர் இறாலை எடுத்துப்போய்ப் பார்த்து அசந்துபோனவர் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் பீப். ஆழ்கடல் மீன்களின் பார்வை எப்படிப் பரிணமித்தது என்று முனைவர் பட்ட ஆய்வு செய்கிற மாணவர்கள் இன்றும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் கேள்வி, அந்த ஆழத்தில் என்ன வெளிச்சம் இருக்கிறது என்பதுதான். அதை நேரில் போய்ப் பார்த்துச் சொன்னவர் பீப். இத்தனைக்கும் அவர் கல்லூரிப் பட்டம்கூட வாங்கியவர் இல்லை!

பாதியில் நின்ற படிப்பு

1877 ஜூலை 29 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர் பீப். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர், 1899இல் பட்டம் வாங்காமலேயே வெளியேறி, நியூயார்க் விலங்கியல் பூங்காவில் பறவைகளைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தார். ஃபெசன்ட் பறவைகளைத் தேடி இலங்கை, இந்தியா, பர்மா என்று ஆசியா முழுக்க அலைந்து, நான்கு தொகுதிகளில் நூல் எழுதினார்.

அப்புறம் அவருடைய கவனம் கடல் பக்கம் திரும்பியது. 1920களின் இறுதியில் பெர்முடாவின் நான்சச் தீவில் முகாம் போட்டார். வலையில் வந்த ஆழ்கடல் மீன்கள் பெரும்பாலும் செத்தும் சிதைந்தும்தான் மேலே வந்தன. உயிரோடு அவை எப்படி இருக்கும்? தெரிந்துகொள்ள ஒரே வழி, தானே கீழே போவது.

இரும்புக் குண்டுக்குள் இரண்டு பேர்

ஓட்டிஸ் பார்ட்டன் என்ற இளம் பொறியாளர் அதற்கு வழி செய்தார். அவர் உருவாக்கிக் கொடுத்த பேத்திஸ்பியர், சுமார் இரண்டு டன் எடையுள்ள எஃகு உருண்டை. உள்விட்டம் ஐந்து அடிகூடக் கிடையாது. இரண்டு பேர் மடங்கித்தான் உட்கார வேண்டும். உருக்கிய குவார்ட்ஸில் சன்னல்கள், மூச்சுக்கு ஆக்சிஜன் சிலிண்டர், மேலே கப்பலோடு பேச ஒரு தொலைபேசி. பீப் சொல்லச் சொல்ல, கப்பலில் இருந்த குளோரியா ஹாலிஸ்டர் குறித்துக்கொள்வார்.

உருண்டை தொங்கியது ஒரே ஒரு எஃகு வடத்தில். அறுந்தால் அவ்வளவுதான்! 1932இல் ஆளில்லாமல் இறக்கிச் சோதித்தபோது உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. மேலே கொண்டுவந்து திருகைக் கழற்றியதும், உள்ளிருந்த அழுத்தத்தில் அது குண்டுபோலப் பாய்ந்தது. அதைப் பார்த்த பிறகும் இருவரும் பின்வாங்கவில்லை. 1934 ஆகஸ்ட் 15 அன்று 3,028 அடி, அதாவது சுமார் 923 மீட்டர் ஆழம் வரை போய்த் திரும்பினார்கள். அதுவரை யாரும் போகாத ஆழம் அது.

கடைசிவரை வந்த நீலம்

கீழே போகப்போக வெளிச்சம் எல்லா நிறத்திலும் ஒரே மாதிரி குறைவதில்லை. முதலில் சிவப்பு போகிறது. பிறகு ஆரஞ்சு, மஞ்சள், பச்சை. கடைசிவரை கூட வருவது நீலம்தான். சுமார் 2,000 அடியில் அதுவும் போய் முழு இருட்டு. ஆனா அந்த இருட்டு வெறும் இருட்டு இல்லை. உயிரினங்களின் உடலிலிருந்து வரும் ஒளிப்பொறிகள் அங்கங்கே மின்னுவதை பீப் பார்த்தார்.

சிக்கலும் அங்கேதான் வந்தது. சன்னல் வழியே சில நொடிகள் மட்டுமே பார்த்த மீன்களுக்குக்கூட அவர் புது இனம் என்று அறிவியல் பெயர் சூட்டினார். கையில் மீனும் இல்லை, புகைப்படமும் இல்லை. மீனியல் அறிஞர் கார்ல் ஹப்ஸ் போன்றவர்கள் கடுமையாகச் சந்தேகப்பட்டார்கள். அந்த மீன்களை இன்றுவரை வேறு யாரும் பார்க்கவில்லை.

மீனின் கண் சொன்ன சாட்சி

மீன் விஷயம் அப்படியே நிற்க, வெளிச்ச விஷயத்தில் பீப் பார்த்தது சரிதான். 1950களில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டென்டனும் வாரனும் ஆழ்கடல் மீன்களின் விழித்திரையைச் சோதித்தார்கள். அதிலிருந்த நிறமி, சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைத்தான் நன்றாக உறிஞ்சியது. அதாவது, எந்த வெளிச்சம் கீழே எட்டுகிறதோ அதற்கேற்ப கண் மாறியிருக்கிறது.

2019இல் 101 மீன்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு இன்னொரு ஆச்சரியத்தைக் காட்டியது. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்களின் ஆப்சின் புரதத்துக்கு மனிதரிடம் ஒரே ஒரு மரபணுதான் உண்டு. டைரெட்மஸ் என்ற வெள்ளிநிற ஆழ்கடல் மீனிடம் இருப்பதோ 38!

பீப் 1962 ஜூன் 4 அன்று டிரினிடாட் தீவில் காலமானார். அவர் எடுத்துப்போன இறாலின் கதைக்கு மட்டும் ஒரு பின்குறிப்பு உண்டு. மலக்கோஸ்டியஸ் என்ற ஆழ்கடல் மீன், கண்ணுக்குக் கீழே சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு இரை தேடுகிறது. அந்தச் சிவப்பைப் பார்க்கவும் அதனால் முடியும். மற்ற மீன்களின் கண்ணுக்குக் கறுப்பாக மறைந்துவிடும் சிவப்பு இறால், இதன் வெளிச்சத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளும்.