வராத பிள்ளைகளைத் தேடிய தாய்



அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, நுவரெலியா என மலையகமெங்கும் தேயிலைத் தோட்டங்களில் ஞாயிறு பாடசாலையை நடத்திவரும் சகோதர சகோதரிகள் பலர் உண்டு. அவர்களுக்கென மண்டபம் இருப்பதில்லை. லயத்து வாசலிலோ, சிற்றாலயத்தின் ஒரு மூலையிலோ பிள்ளைகளைக் கூட்டுகிறார்கள். மழையும் பனிமூட்டமும் பாதையை மறிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்மார் உண்டு. அந்நாட்களில் மூத்த பிள்ளை வீட்டிலிருந்து தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிறது. இந்த நிலையில் சிறுவர் ஊழியத்தை எவ்வாறு முன்னெடுப்பது என்பது அவர்கள் மனதில் எப்போதும் எழும் கேள்வியாகும்.

இக்கேள்விக்கு விடையளிக்கும் ஒரு வாழ்க்கையை இவ்வாரம் தியானிப்போம். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்து மறைந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரே அவர். திருநெல்வேலி நமக்கு அந்நியமான ஊரன்று. 1854 ஆம் ஆண்டில் கோப்பித் தோட்டத் தொழிலாளர் மத்தியில் தமிழ் மிஷன் ஊழியம் ஆரம்பிக்கப்பட்டபோது, அங்கிருந்து வந்த உபதேசியார்களே மலையேறி நம் முன்னோருக்கு வேதத்தை வாசித்துக் காட்டினார்கள்.

ஏமி அம்மையார் 1867 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் திகதி அயர்லாந்தின் வடபகுதியில், மில்லைல் என்னும் கடலோரக் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் மாவு ஆலை உரிமையாளர். ஏழு பிள்ளைகளில் இவரே மூத்தவர். பின்னர் குடும்பம் பெல்பாஸ்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1885 ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார்.

பெல்பாஸ்டில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில், பாரமான சுமையுடன் தள்ளாடி வந்த ஏழை மூதாட்டி ஒருவரை ஏமியும் அவருடைய சகோதரரும் கண்டார்கள். சுமையை வாங்கிக்கொண்டு அவருக்குக் கைகொடுத்தார்கள். ஆயினும் ஆலயத்திலிருந்து நல்லுடையில் வந்த கனவான்கள் தங்களைப் பார்க்கிறார்களே என்று அவர்களுக்கு உள்ளூர வெட்கமாயிருந்தது. அவ்வேளையில் ஏமியின் உள்ளத்தில், பொன்னும் வெள்ளியும் இரத்தினக் கற்களும் கொண்டு கட்டுவதைப் பற்றிப் பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய பகுதி ஆழப் பதிந்தது. நித்தியத்தில் நிலைநிற்கும் வேலை எது, எரிந்துபோகும் வேலை எது என்னும் கேள்வி அன்றிலிருந்து அவரை விட்டு அகலவில்லை.

அதன் விளைவாக அவர் பெல்பாஸ்ட் ஆலைகளில் உழைத்த பெண்பிள்ளைகளை நாடிச் சென்றார். தொப்பி வாங்க வசதியற்ற அவர்கள் சால்வையால் தலையை மூடிக்கொண்டு திரிவார்கள். ஊரார் அவர்களைச் சால்வைக்காரிகள் என ஏளனமாக அழைத்தனர். ஏமி அவர்களை ஆலய மண்டபத்திற்கு அழைத்து வந்தபோது, சபையின் கௌரவம் குறைகிறதென்று சிலர் முகஞ்சுளித்தார்கள். அவரோ பின்வாங்கவில்லை. பிள்ளைகளின் தொகை பெருகியபோது, அவர்களுக்கெனத் தகரத்தாலான ஒரு கூடம் 1889 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

அன்பானவர்களே, இங்கே நமக்கு முதலாவது பாடம் இருக்கிறது. சிறுவர் ஊழியம் நமக்கு வசதியான இடத்திலன்று, பிள்ளை இருக்குமிடத்தில் ஆரம்பமாகிறது. வேலைக் களைப்பும் கிழிந்த உடையும் உள்ள பிள்ளை ஆலயத்திற்கு வரத் தயங்குகிறது. நல்ல சட்டையும் சப்பாத்தும் இல்லையென்பதால் ஞாயிறு பாடசாலைக்கு வராத பிள்ளை நம் தோட்டங்களிலும் உண்டு. ஆலயத்தில் அப்பிள்ளை எவ்வித முகத்தோடு வரவேற்கப்படுகிறது என்பதை ஊழியத் தலைவர் கவனிப்பாராக. ஆலயம் தூரமாயின், மாதத்தில் ஒரு ஞாயிறாவது அந்தப் பிரிவின் லயத்திலேயே வகுப்பை நடத்தலாம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பிள்ளை, கைக்குழந்தையோடு வந்து அமர்வதற்கும் வகுப்பில் இடமிருக்க வேண்டும்.

1893 ஆம் ஆண்டில் அம்மையார் ஜப்பானுக்கு மிஷனரியாகச் சென்றார். உடல்நலம் குன்றியது. 1894 ஆம் ஆண்டில் நம் இலங்கைத் தீவிற்கும் வந்து சில மாதங்கள் ஊழியம் செய்து, பின்னர் தாயகம் திரும்பினார். 1895 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவை வந்தடைந்தார். அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள், ஒரு முறையேனும் விடுமுறையில் தாயகம் செல்லாமல், அங்கேயே வாழ்ந்தார். திருநெல்வேலியில் தமிழை முறையாகக் கற்றார். நம் நாட்டுப் பெண்களைப் போல் சேலை உடுத்தினார். பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்களுடன் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சென்றார்.

1901 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவருடைய வாழ்க்கையின் திசை மாறிற்று. கோவிலுக்கென ஒப்புக்கொடுக்கப்பட்டுத் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டிருந்த பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி, தான் இருந்த வீட்டிலிருந்து தப்பி வந்தாள். அவள் முன்னரும் ஒரு முறை தப்பித் தாயிடம் சென்றிருந்தாள். தாயோ அஞ்சி அவளைத் திருப்பி ஒப்படைத்துவிட, அவளுடைய கைகளில் சூடு வைக்கப்பட்டிருந்தது. இம்முறை ஒரு கிறிஸ்தவப் பெண் அவளை ஏமி அம்மையாரிடம் அழைத்து வந்தார். அன்றுமுதல் அவர் அச்சிறுமிக்குத் தாயானார். சிறுமியரை அவ்வாறு ஒப்புக்கொடுக்கும் அவ்வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோரும் அரும்பாடுபட்டனர். 1947 ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டம் அதைத் தடைசெய்தது.

பிரீனா சொன்னவற்றைக் கேட்ட அம்மையார், தம்மிடம் வந்து சேர்ந்த ஒரு பிள்ளையோடு திருப்தியடையவில்லை. வரமுடியாத பிள்ளைகள் எங்கே என்று தேடத் தொடங்கினார். உண்மையை அறியப் பல ஊர்களுக்கும் பயணம் செய்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அத்தேடலுக்குப் பெரும் பலன் கிடைக்கவில்லை. 1904 ஆம் ஆண்டிலேயே முதற் கைக்குழந்தை அவரிடம் வந்து சேர்ந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் டோனாவூரில் பதினேழு பிள்ளைகள் இருந்தார்கள். பிற்காலத்தில் அவர்கள் நூற்றுக்கணக்காகப் பெருகினார்கள். 1918 ஆம் ஆண்டு முதல் ஆண்குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர்.

இரண்டாவது பாடம் இதுவே: வந்த பிள்ளைகளை எண்ணுவதோடு நம் கடமை முடிவதில்லை. அதிகாலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது வேலைக்கு ஆள் எத்தனை என்று அறிவதற்காக. ஞாயிறு பாடசாலையில் பெயர் கூப்பிடுவதோ, ஆயத்தில் எந்த ஆடு இல்லையென்று அறிவதற்காக. மத்தேயு 18 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப்போகும் மேய்ப்பனைப் பற்றிக் கூறியது, சிறு பிள்ளைகளைக் குறித்து அவர் பேசிக்கொண்டிருந்த வேளையிலேயே என்பதை மறவாதிருப்போம்.

ஆகவே வருகைப் பதிவேடு ஒன்றை வைத்திருங்கள். ஒரு பிள்ளை இரண்டு ஞாயிறு தொடர்ந்து வராவிட்டால், அந்த வாரமே ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குச் சென்று பார்க்கட்டும். சிலவேளை அது காய்ச்சலாக இருக்கும். சிலவேளை பாடசாலைப் படிப்பே நின்றுபோயிருக்கும். வறுமையினால் தோட்டத்துச் சிறுமியர் தூர நகரங்களுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட துயரங்களை மலையகம் நன்கு அறியும். இலங்கையில் வேலைக்கமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 2021 ஆம் ஆண்டில் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் தாளில் இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளை ஊரில் இல்லையென்பதை முதலில் அறியக்கூடியவர் அவளுடைய ஞாயிறு பாடசாலை ஆசிரியராக இருக்கலாம். அவர் அதைக் கவனியாமல் விட்டால் வேறு எவர் கவனிப்பார்?

அம்மையாரின் காலத்தில் பிள்ளைகளைக் காக்கும் சட்டங்கள் மிகக் குறைவு. உறவினர் உரிமை கோரியபோது அவர் வழக்குகளைச் சந்திக்க நேர்ந்தது. நம் காலத்தில் வழி திறந்திருக்கிறது. பிள்ளைக்குத் தீங்கு நேர்வதாக அறிந்தால், அதைச் சபைக்குள் மூடி மறைக்காமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்திற்கு அறிவிப்பதே கிறிஸ்தவக் கடமை. அவ்வாறே நம் வகுப்புகளிலும் எவரும் ஒரு பிள்ளையைத் தனியறையில் தனியே வைத்திராதபடி, எப்போதும் பெரியவர் இருவர் இருக்கட்டும். பிற சமயத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் விரும்பி வந்தால், முதலில் பெற்றோரைச் சந்தித்து அவர்களுடைய சம்மதத்தைப் பெறுங்கள்.

டோனாவூரின் ஆரம்ப நாட்கள் இலகுவானவையல்ல. கைக்குழந்தைகளை வளர்க்க அனுபவமுள்ளோர் இல்லை. வைத்திய உதவி வேண்டி நெய்யூர் மருத்துவமனையின் அருகே ஒரு குழந்தைகள் இல்லம் அமைக்கப்பட்டது. பொன்னம்மாள் அதன் பொறுப்பை ஏற்றார். இளவயதிலேயே விதவையான அவர், இரவு பகலாக அக்குழந்தைகளைப் பராமரித்தார். நோய் பரவிப் பல குழந்தைகள் மரித்தபோது இருவருடைய இருதயமும் நொறுங்கிற்று. ஆயினும் ஊழியம் நிற்கவில்லை. 1915 ஆம் ஆண்டில் பொன்னம்மாள் மரித்தார். அவருடைய வாழ்க்கையை ஏமி அம்மையார் ஒரு நூலாக எழுதினார்.

அக்காலத்தில் குழந்தைக்குப் பால் புகட்டுவதும், துணி துவைப்பதும், நகம் வெட்டுவதும் பிரசங்கத்திற்கு நிகரான ஊழியமா என்று சிலர் எண்ணினர். ஆண்டவர் தம் சீஷரின் கால்களைக் கழுவினாரே என்பதை நினைத்து, அம்மையார் அவ்வேலைகளைக் கனமுள்ளவையாக ஏற்றுக்கொண்டார். நம் தோட்டங்களில் பிள்ளைக் காம்பராவில் பணிபுரியும் தாய்மார் அறிவார்கள், ஒரு குழந்தையின் நம்பிக்கையைப் பெற்றுத் தருவது இத்தகைய சிறு பணிகளே என்று. ஞாயிறு பாடசாலை ஆசிரியரும் வகுப்பு ஆரம்பமாகுமுன் வந்து, நனைந்த பிள்ளையின் தலையைத் துவட்டி, பசியோடு வந்த பிள்ளைக்கு ஒரு கோப்பை சூடான தேநீராவது கொடுத்தால், அதன்பின் சொல்லும் வேதகதை அப்பிள்ளையின் உள்ளத்தில் தங்கும்.

மேலும், பிறந்தநாள் தெரியாத பிள்ளைகள் பலர் டோனாவூரில் இருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் வந்து சேர்ந்த நாளை அம்மையார் திருநாளாகக் கொண்டாடினார். பிள்ளைகளுக்கெனப் பாடல்களை இயற்றினார். கூட்டமாக வாழ்ந்தாலும் ஒவ்வொருவரும் தனித்தனியே அறியப்பட்டவர் என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். நாமும் பதிவேட்டில் பெயரோடு பிறந்தநாளையும் எழுதி, அந்த ஞாயிறு அப்பிள்ளைக்காகச் சபையாக ஜெபிக்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை.

மூன்றாவது பாடம் ஊழியரைப் பற்றியது. அம்மையார் ஆட்களைச் சேர்ப்பதில் அவசரப்படவில்லை. பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தே கற்கிறார்கள் என்பதால், தம்முடன் பணிபுரிவோரின் ஜெப வாழ்விலும் உண்மையிலும் மிகுந்த கண்டிப்பாயிருந்தார். 1916 ஆம் ஆண்டில் ஏழு இந்தியப் பெண்களைக் கொண்டு ஒரு சகோதரிகள் குழுவை அமைத்து, அவர்களோடு வேதத்தைத் தியானித்து, பொறுப்புகளைப் பகிர்ந்தளித்தார். பல சபைகளில், பாடத் தெரிந்த ஒரு வாலிபரிடம் வகுப்பைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அவர் கொழும்புக்கு வேலைக்குச் சென்றதும் வகுப்பு நின்றுபோகிறது. ஒரு வகுப்பிற்கு ஒருவரல்ல, மூவரை ஆயத்தப்படுத்துங்கள். வாரத்தில் ஒரு மாலை அவர்கள் கூடி, வரும் ஞாயிறின் பாடத்தைப் படித்து, பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி ஜெபிக்கட்டும்.

1931 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஏமி அம்மையார் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் தமது அறையிலேயே வாழ்ந்தார். வேதனையின் நடுவிலும் நூல்களை எழுதினார். பிள்ளைகளை அறைக்கு வரவழைத்துப் பேசினார். சிறு கடிதங்களை அனுப்பினார். அவர் நடக்க முடியாதிருந்தும் ஊழியம் தொடர்ந்தது. ஏனெனில் அவர் வளர்த்த பிள்ளைகளில் பலர் இப்போது ஊழியராயிருந்தார்கள். 1951 ஆம் ஆண்டு ஜனவரி 18 ஆம் திகதி அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய விருப்பப்படி கல்லறையில் நினைவுக்கல் வைக்கப்படவில்லை. பிள்ளைகள் அங்கே பறவைகள் நீராடும் ஒரு கற்றொட்டியை வைத்து, தாயென்று பொருள்படும் ஒரே தமிழ்ச்சொல்லை அதில் பொறித்தார்கள்.

அன்பான ஊழியரே, உங்கள் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள்தான் இருக்கிறார்களா? சோர்ந்துபோகாதிருங்கள். ஒரே பிள்ளையோடு ஆரம்பித்ததே டோனாவூர் ஊழியம். இவ்வாரம் உங்கள் பதிவேட்டைத் திறந்து, நெடுநாளாக வராத ஒரு பிள்ளையின் பெயரைப் பாருங்கள். மழை விட்டதும் அந்த லயத்திற்குச் சென்று, அந்தக் காம்பராவின் கதவைத் தட்டுங்கள்.

ஜெபம்: சிறு பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்த ஆண்டவரே, எங்கள் மலைத் தோட்டங்களிலுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் நீர் பெயர் பெயராக அறிந்திருக்கிறீர். எங்கள் நடுவில் இல்லாத பிள்ளையைத் தேடிச் செல்லும் கால்களையும், அவர்களுடைய துன்பத்தைக் காணும் கண்களையும் எங்களுக்குத் தந்தருளும். ஆமென்.