மின்னலை ஆராய்ந்த ஸ்டைன்மெட்ஸ்

உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரக் கம்பிகளைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்கள் கோடையில் தம் கடமையைச் செவ்வனே செய்கின்றன. தூசி படிந்த பீங்கான்மேல் தூறல் விழுந்து நீர்ப்படலம் பரவிற்றோ, அதன் வழியே மின்சாரம் கசியத் தொடங்கும். கசிவின் சூட்டில் படலம் ஆங்காங்கே காய்ந்து அறும். அறுந்த இடத்தில் பொறி தாவும். பொறிகள் கூடினால் இன்சுலேட்டர் முழுதும் சுவாலை ஓடி ஊரே இருளில் மூழ்கும். இடி விழுந்தாலோ, உலர்ந்த பீங்கான்மேலும் கண்ணிமைக்குமுன் இது நேர்ந்துவிடும். அந்த இடியையே ஆராயப் புகுந்த சார்லஸ் ஸ்டைன்மெட்ஸின் சரிதம், அரசியலில் ஈடுபட்ட அன்பர்கள் அறியத் தக்கதென்று கருதுகிறோம்.

இன்று போலந்தைச் சேர்ந்ததும் அன்று ஜெர்மானியர் வசமிருந்ததுமான பிரெஸ்லௌ நகரில் 1865-ல் அவர் பிறந்தார். பிறவிக் கூனர், குள்ள உருவம். சர்வகலாசாலையில் கணிதம் பயில்கையிலேயே, பிஸ்மார்க்கின் சட்டம் ஒடுக்கிவந்த சமதர்மக் கட்சியில் சேர்ந்து, அதன் பத்திரிகையிலும் உழைத்தார். போலீஸார் நெருங்கவே 1888-ல் ஸூரிச்சுக்குத் தப்பினார். பட்டம் கைக்கு வரவில்லை. மறு ஆண்டு நியூயார்க் துறைமுகத்தில், பணமும் இங்கிலீஷும் இல்லாத இக்கூனரைத் திருப்பியனுப்பவே அதிகாரிகள் எண்ணினர். உடன் வந்த நண்பர் பொறுப்பேற்றதனால் கரையேறினார். அன்று அமெரிக்கா எதை இழக்கவிருந்தது என்பதை அவ்வதிகாரிகள் கனவிலும் அறியார்!

மூன்றே ஆண்டுகளில், யந்திரங்களின் இரும்பில் வீணாகும் காந்த சக்தியைக் கணக்கிடும் விதியை வெளியிட்டார். 1893-ல் மாறுமின்னோட்டக் கணக்கை எளிதாக்கும் முறையைச் சிக்காகோ மகாநாட்டில் விளக்கினார். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஸ்கெனெக்டடி நகரே அவருக்கு ஊராயிற்று.

1920-ல் அவருடைய ஆற்றங்கரைக் குடிலில் இடி விழுந்து நிலைக்கண்ணாடியொன்று சிதறிற்று. மற்றவர் பெருக்கி எறிந்திருப்பர். அவரோ துண்டுகளைப் பொறுக்கி, பொறுமையாக இணைத்து, மின்னல் ஓடிய வழியைக் கண்டார். 1922-ல், லட்சம் வோல்டுக்கு மேற்பட்ட செயற்கை மின்னலைத் தம் ஆராய்ச்சிக் கூடத்திலேயே உண்டாக்கினார். மரக்கட்டைகள் தூளாயின. இடிதாங்கிகளையும் இன்சுலேட்டர்களையும் சோதிக்க, இனி வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்றாயிற்று.

மழைநீரின் தொல்லை வேறு. அவர் காலத்துக்குப் பின், நீர் ஒட்டாத ஸிலிக்கோன் ரப்பர் வந்தது. அதன்மேல் நீர், தாமரையிலைமேல் போல் முத்துமுத்தாக நிற்கிறது. ஆயினும் மின்விசை கடுமையானால் அம்முத்துக்களும் நீண்டு ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஓரங்களில் எழும் பொறி, நீர் ஒட்டாத குணத்தையே நாளடைவில் தேய்க்கிறது.

கம்பெனியின் சம்பளம் அவருடைய கொள்கையை மாற்றவில்லை. 1911 தேர்தலில் சமதர்மிகள் நகராட்சியைக் கைப்பற்றியபின் கல்விச் சபைத் தலைவரானார். பெருங் கம்பெனிகள் வளர்ந்து வளர்ந்து தாமே சமதர்மத்துக்கு வழிவிடும் என்று அவர் நம்பியதை மட்டும் நாம் ஒப்பமாட்டோம். முதலாளி தானாகப் பெட்டிச் சாவியை ஒப்படைத்த கதையை நாம் கேட்டதில்லை. 1922-ல், ருஷ்யாவை மின்மயமாக்க உதவத் தயாரென்று லெனினுக்கு எழுதினார். நன்றி கூறிப் பதிலும் வந்தது.

1923 அக்டோபர் 26-ந் தேதி காலமானார். தந்தைக்கும் பாட்டனாருக்கும் இருந்த கூன் தம்மோடு முடியட்டுமென்று விவாகம் செய்யாதிருந்த அவருக்கு, சுவீகாரம் கொண்ட உதவியாளரின் மனைவி மக்களே உற்றாராயிருந்தனர்.