தொட்டுத் தொண்டாற்றிய தூயவர் டேமியன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

தொழுநோய் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே விலகி நிற்பவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். மாத்திரையால் குணமாகும் நோய் என்று மருத்துவம் உறுதி கூறிய பின்பும் இந்த நிலை! அப்படியாயின், மருந்தும் இல்லை, காரணமும் தெரியவில்லை என்றிருந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை எப்படி இருந்திருக்கும்? அந்நாளில் தொழுநோயாளரைத் தேடிச் சென்று, அவர்களைத் தொட்டு, உடன் உண்டு, உடன் வாழ்ந்து, இறுதியில் அவர்களுள் ஒருவராகவே மறைந்தவர் தந்தை டேமியன். கத்தோலிக்க நம்பிக்கை ஒரு மனிதரை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதற்கும், அந்த ஒரு மனிதரால் சமுதாயம் எவ்வளவு தூரம் அசையும் என்பதற்கும் அவருடைய வாழ்க்கை சான்றாக விளங்குகிறது.

உழவர் வீட்டுப் பிள்ளை

பெல்ஜியம் நாட்டில் திரமெலோ என்னும் சிற்றூரில் 1840ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தின் ஏழாவது குழந்தையாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் தெ வூஸ்தர். தந்தை நிலத்தை உழுததோடு தானிய வாணிகமும் செய்து வந்தார். மகன் உடல் வலிமை மிக்கவன், கைவேலைக்கு அஞ்சாதவன். எனவே வாணிகத்தை அவனிடம் ஒப்படைக்கலாம் என்று எண்ணி, அதற்கு உதவும் பிரெஞ்சு மொழியைக் கற்க வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பினார். ஆனால் பிள்ளையின் மனம் வாணிகத்தில் நிற்கவில்லை. உடன்பிறந்தோர் சிலர் ஏற்கெனவே துறவு பூண்டிருந்தனர். 1859இல் லூவன் நகரில் இயேசு மரியன்னையின் திரு இருதயங்கள் சபையில் அவரும் சேர்ந்து, டேமியன் என்ற துறவுப் பெயரை ஏற்றார்.

குருவாவதற்குப் போதிய கல்வி அவரிடம் இல்லை என்பதே அச்சபைப் பெரியோரின் முதற் கருத்து. இலத்தீன் தெரியாதவர் அக்காலத்தில் குருவாக முடியாது. எடுபிடி வேலை செய்யும் சகோதரராக இருந்தால் போதும் என்றே அவரைச் சேர்த்தனர். அதே சபையில் இருந்த அண்ணன் பாம்பில் ஓய்வு நேரங்களில் தம்பிக்கு இலத்தீன் சொல்லிக் கொடுத்தார். தம்பி காட்டிய வேகத்தைக் கண்டு பெரியோர் தம் முடிவை மாற்றிக் கொண்டனர். கல்வி வாய்ப்பில்லாத இல்லத்திலிருந்து வந்து, பிறர் தகுதியில்லை என்று ஒதுக்கிய இடத்தை உழைப்பால் பெற்றவர் அவர் என்பதை நம்மில் பலர் நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

அண்ணனுக்காகச் சென்ற தம்பி

1863இல் ஹவாய்த் தீவுகளுக்கு மறைப்பணி செய்யப் புறப்பட வேண்டியவர் அண்ணன் பாம்பில். நச்சுக் காய்ச்சலால் அவர் படுத்த படுக்கையானார். கப்பலில் இடம் பதிவாகி இருந்தது. போக ஆள் இல்லை. இன்னும் குருப்பட்டமே பெறாத டேமியன், உள்ளூர்த் தலைவரிடம் கேளாமல், பாரிஸ் நகரிலிருந்த சபைத் தலைவருக்கே நேராகக் கடிதம் எழுதி, அண்ணனுடைய இடத்தில் தாம் செல்ல ஒப்புதல் பெற்றார். மாதக் கணக்கில் கடற்பயணம் செய்து 1864 மார்ச் 19ஆம் நாள் ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார். மே 21ஆம் நாள் அந்நகரப் பேராலயத்தில் குருப்பட்டம் பெற்றார். பெற்றோரையும் பிறந்த மண்ணையும் அவர் மீண்டும் காணவே இல்லை.

அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஹவாய் என்னும் பெரிய தீவில் பணி. எரிமலைக் குழம்பு உறைந்த கரடு முரடான நிலத்தில், நடந்தும் குதிரை மீதேறியும் சிற்றூர் சிற்றூராகச் சென்றார். தம் கையாலேயே மரம் அறுத்துக் கோயில்கள் கட்டினார். மக்களின் மொழியை அவர்களைப் போலவே பேசப் பழகினார்.

பிரிக்கும் நோய்

ஹவாய் அப்போது தனி அரசு. 1778இல் வெள்ளையர் கப்பல் முதன்முதலாக அங்கே வந்தது. அதன் பின்னர் வெளியார் வழியே வந்த நோய்கள் அம்மக்களை அலை அலையாக வாரிக் கொண்டு போயின. அவற்றுள் ஒன்று தொழுநோய். அது பரவுவதைக் கண்டு அஞ்சிய அரசு 1865இல் ஒரு சட்டம் இயற்றியது. நோய் கண்டவர் யாராயினும் பிடித்துத் தனிமைப்படுத்த வேண்டும் என்பதே அச்சட்டம். அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் மொலோக்காய்த் தீவின் வடகரையில் உள்ள கலாவுபாப்பா தீபகற்பம். மூன்று பக்கம் கடல். நான்காம் பக்கம் ஏறத்தாழ 2,000 அடி உயரமுள்ள செங்குத்தான மலைச்சுவர். இயற்கையே கட்டிய சிறைச்சாலை! 1866 ஜனவரியில் முதல் நோயாளிகள் அங்கே இறக்கப்பட்டனர்.

தாயிடமிருந்து பிள்ளையையும், கணவனிடமிருந்து மனைவியையும் சட்டம் பிரித்தது. அதனால் ஹவாய் மக்கள் தொழுநோய்க்குப் 'பிரிக்கும் நோய்' என்றே பெயரிட்டனர். எனினும் பிரிய மறுத்தவர்களும் உண்டு. நோயில்லாத உறவினர் சிலர் நோயாளிக்குத் துணையாக அந்தச் சிறைக்குத் தாமே சென்றனர். மோர்மன் சபையைச் சேர்ந்த ஜோனத்தன் நாப்பெலா என்ற ஹவாயர், நோயுற்ற தம் மனைவியுடன் 1873இல் அங்கே சென்று, பின்னர் தாமும் அந்நோய்க்கு ஆளாகி மறைந்தார். டேமியனின் பெருமையைப் பேசும்போது இத்தகையோரை நாம் மறந்துவிடலாகாது. உறவுக்காக அவர்கள் செய்ததை, உறவே இல்லாத மக்களுக்காகச் செய்தார் என்பதே டேமியனின் தனிச்சிறப்பு.

தாழை மரத்தடியில்

1873இல் ஆயர் மெக்ரே தம் குருக்களிடம் இக்குடியிருப்பின் துயரத்தை எடுத்துரைத்தார். முறை வைத்துச் சென்று வர நால்வர் முன்வந்தனர். முதல் முறை டேமியனுடையது. மே 10ஆம் நாள் அவர் அங்கே இறங்கினார். அப்போது வயது 33. தங்க வீடில்லாமையால் கோயிலருகே இருந்த ஒரு தாழை மரத்தடியிலேயே முதல் நாள்களின் இரவுகளைக் கழித்தார். அடுத்தவர் முறை வருவதற்குள், தாம் அங்கேயே நிலையாகத் தங்கிவிட அனுமதி கேட்டு எழுதிவிட்டார்.

அதே 1873இல்தான், நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் என்னும் மருத்துவர் தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நுண்ணோக்கியில் கண்டறிந்தார். இது பரம்பரை நோயுமன்று, பாவத்தின் சம்பளமுமன்று, ஒரு நுண்ணுயிரின் வேலையே என்பது அதனால் வெளிப்பட்டது. ஒருவர் கிருமியைக் கண்டார். மற்றவர் அக்கிருமிக்குப் பின்னே மறைந்து போயிருந்த மனிதனைக் கண்டார். இரண்டு காட்சியும் மனித குலத்திற்குத் தேவையாக இருந்தன.

நோயாளிகளைத் தொடலாகாது என்பதே டேமியனுக்குக் கூறப்பட்ட அறிவுரை. ஆனால் தொடாமல் புண்ணைக் கழுவுவது எப்படி? இறப்பவருக்குத் திருத்தைலம் பூசுவது எப்படி? அவர் தொட்டார். அழுகிய புண்களுக்குக் கட்டுப் போட்டார். எல்லாரும் கைவிட்டு உண்ணும் 'போய்' என்னும் கிழங்குக் கூழை அதே பாத்திரத்திலிருந்து தாமும் உண்டார். நாறும் குடிசைகளுக்குப் பதிலாக, வெள்ளையடித்த மரவீடுகள் அவருடைய உளியாலும் சுத்தியலாலும் எழுந்தன. தொலைவிலுள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியே நல்ல தண்ணீர் வந்தது. பெற்றோரற்ற குழந்தைகளுக்கு இல்லங்கள் தோன்றின. இசைக்குழு ஒன்றும் உருவாயிற்று. விரல் குறைந்தவர்களும் அதில் வாசித்தார்கள். இறந்தவரை முறையாக அடக்கம் செய்ய வேலியிட்ட கல்லறைத் தோட்டம் அமைந்தது. சவப்பெட்டிகளையும் அவரே செய்தார். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு, மோர்மன் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

வலிமை தந்தது எது?

இவ்வளவையும் தாங்கும் ஆற்றல் அவருக்கு எங்கிருந்து வந்தது? துறவு வாக்குக் கொடுத்த நாளில், உலகிற்கு இறந்தவன் என்பதற்கு அடையாளமாக அவரைப் படுக்க வைத்துச் சவத்துணியால் மூடினர். அது அவருக்கு வெறும் சடங்காக இருக்கவில்லை. மொலோக்காய்க்குச் சென்றபோதும் அதையே நினைவுகூர்ந்தார். நற்கருணையில் இறைவன் தம்முடன் இருக்கிறார் என்ற நம்பிக்கை இல்லாவிடில் அந்தத் தனிமையைத் தம்மால் தாங்கியிருக்க முடியாது என்று கடிதங்களில் எழுதினார்.

அவரைப் பெரிதும் வாட்டியது ஒரு குறை. பாவசங்கீர்த்தனம் செய்ய அருகில் வேறொரு குரு இல்லை. தீவுக்கு வெளியே செல்லவும் அரசு தடை விதித்தது. ஒரு முறை அவருடைய சபைத் தலைவர் வந்த கப்பல் கரைக்கு அப்பால் நின்றது. அவர் இறங்கவும் அனுமதி இல்லை. டேமியன் ஏறவும் அனுமதி இல்லை. உடனே டேமியன் தம் சிறுபடகில் நின்றபடியே, கப்பலின் மேல்தளத்தில் நின்ற குருவிடம், சுற்றியிருந்தோர் கேட்கும்படி உரத்த குரலில் பிரெஞ்சு மொழியில் தம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்றார். செவியோடு செவியாகச் சொல்ல வேண்டியதைக் கடலறியச் சொன்ன அந்தத் துணிவே அவர் நம்பிக்கையின் ஆழத்தைக் காட்டும்.

அதற்காக அவரைக் குறையே இல்லாதவர் என்று கூறுவது வரலாறு ஆகாது. அவர் முன்கோபி. பிடிவாதக்காரர். மருந்துக்கும் மரத்துக்கும் துணிக்கும் சுகாதார வாரியத்துடன் ஓயாமல் போராடியவர். மேலதிகாரிகள் அவரால் பலமுறை சலிப்புற்றனர். ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லையேல் தண்ணீர்க் குழாயும் வந்திராது.

அவர்களுள் ஒருவர்

1884 டிசம்பரில் ஒருநாள் கொதிநீரில் கால் பட்டது. தோல் வெந்தது, வலி தெரியவில்லை. தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியைக் கொல்வது. எனவே அவருக்கு உண்மை விளங்கிவிட்டது. அடுத்த ஆண்டு மருத்துவரும் அதை உறுதி செய்தார். தொடக்கம் முதலே அவர் நோயாளிகளுள் ஒருவராகத் தம்மை எண்ணி வந்தவர். இப்போது அவர் உடலும் அதற்குச் சான்று கூறிற்று. ஓய்வு கொள்ளவில்லை, விரைந்து பணியாற்றினார்.

செய்தி உலகெங்கும் பரவியது. இலண்டனில் ஆங்கிலிக்கன் குரு ஒருவர் அவருக்காக நிதி திரட்டினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய ஜோசப் டட்டன் 1886இல் துணைக்கு வந்தார். பிரான்சிஸ்கன் சபை அன்னை மரியான் கோப் 1888இல் சகோதரிகளுடன் வந்து சேர்ந்தார். தம் பணி தொடரும் என்ற மனநிறைவோடு, 1889 ஏப்ரல் 15ஆம் நாள், 49ஆம் வயதில் டேமியன் கண்மூடினார். முதன்முதலில் படுத்துறங்கிய அதே தாழை மரத்தடியில் அவரை அடக்கம் செய்தனர்.

அவர் மறைந்த பின் ஹைட் என்னும் புராட்டஸ்டண்டுப் போதகர் அவருடைய ஒழுக்கத்தைப் பழித்து எழுதினார். அதற்கு 1890இல் மறுப்பு எழுதியவர், தாமும் புராட்டஸ்டண்டு மரபில் வளர்ந்த புகழ்பெற்ற எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அவர் கலாவுபாப்பாவை நேரில் கண்டு வந்தவர். டேமியனின் குறைகளை மறைக்காமலே பெருமையை நிலைநாட்டினார். 1936இல் டேமியனின் உடல் பெல்ஜியத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. 2009 அக்டோபர் 11ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

நம் மண்ணிலும்

அவர் ஏற்றிய விளக்கின் ஒளி நம் தமிழகத்திலும் படிந்திருக்கிறது. அவர் பிறந்த பெல்ஜியத்திலிருந்து வந்த மருத்துவர் ஹெமரிக்ஸ் 1955இல் செங்கற்பட்டு மாவட்டத்துப் பொலம்பாக்கத்தில் தொழுநோய் மையம் தொடங்கினார். நோயாளிகளை ஓரிடத்தில் அடைக்காமல், ஊர் ஊராகச் சென்று மரத்தடியில் மருத்துவம் பார்ப்பது அவர் முறை. அவருடன் பணியாற்றிய பெல்ஜிய மருத்துவர் கிளேர் வெல்லூட், இந்தியக் குடியுரிமை பெற்று இங்கே உழைத்தார். டேமியன் பெயரிலேயே பெல்ஜியத்தில் தோன்றிய அறக்கட்டளையும் இந்தியாவில் பணியாற்றி வருகிறது.

அறிவியலும் தன் கடமையைச் செய்தது. 1940களில் சல்போன் மருந்துகள் வந்தன. 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதம் அல்லது ஓராண்டு மருந்தில் நோய் தீரும், மருந்து இலவசம். ஹவாயின் தனிமைச் சட்டம் 1969இல் நீங்கியது. ஆனால் நம் நாட்டில் 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணம் காட்டும் விதி 2019இல்தான் ஒழிந்தது. இன்றும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்.

மாணவ நண்பர்களே! உணர்ச்சியற்ற ஒரு வெளிறிய தேமலைக் கண்டால் ஒளிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது படித்தவர்களாகிய நம் கடமை. கிருமியைக் கொல்ல மருந்து கிடைத்துவிட்டது. அருவருப்பைக் கொல்ல மருந்துக்கடையில் எதுவும் கிடைக்காது. அதற்கு மருந்து கையை நீட்டித் தொடும் நெஞ்சமே என்பதை, மருந்தே இல்லாத காலத்தில் வாழ்ந்து காட்டிச் சென்றார் டேமியன். அவருடைய சமயம் எதுவாயினும், நம்முடைய சமயம் எதுவாயினும், அந்தப் பாடம் நம் அனைவர்க்கும் பொது.