கை கழுவச் சொன்ன டாக்டர்

பிள்ளை பெற வந்த தாய்மார்கள், ஒருவர் பின் ஒருவராகச் செத்துக்கொண்டு இருந்தார்கள். என்ன நோய் என்று டாக்டர்களுக்குத் தெரியும். பிரசவ ஜன்னி! அது ஏன் வருகிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஒருவர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் அவர் மகிழவில்லை. துடிதுடித்துப் போனார். காரணம், அந்தத் தாய்மார்களின் சாவுக்கு அவருடைய கைகளும் காரணமாக இருந்தன!

அவர்தான் டாக்டர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ்.

மளிகைக் கடைக்காரர் மகன்

செம்மல்வெய்ஸ், 1818-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அங்கேரி நாட்டில் புடா என்ற ஊரில் பிறந்தார். தந்தை மளிகை வியாபாரி. வசதியான குடும்பம்.

சட்டம் படிப்பதற்காக ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்குப் போனார். அங்கே மனம் மாறி, மருத்துவம் படித்தார். 1844-ல் டாக்டர் ஆனார். 1846-ல் வியன்னா பெரிய ஆஸ்பத்திரியில், பிரசவப் பிரிவில் உதவி டாக்டராகச் சேர்ந்தார்.

இரண்டு வார்டுகள்

அங்கே இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதல் வார்டில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவது வார்டில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள்.

1846-ம் ஆண்டில் முதல் வார்டில் 4,010 பிரசவங்கள் நடந்தன. 459 தாய்மார்கள் இறந்தார்கள். இரண்டாவது வார்டில் 3,754 பிரசவங்கள். இறந்தவர்கள் 105 பேர்தான்.

இது ஊருக்கே தெரிந்திருந்தது. முதல் வார்டில் சேர்க்க வேண்டாம் என்று ஏழைப் பெண்கள் காலில் விழுந்து கதறினார்கள். தெருவில் பிள்ளை பெற்றவர்களுக்குக்கூட ஜன்னி அவ்வளவாக வரவில்லை!

கெட்ட காற்றுதான் காரணம் என்றார்கள் சிலர். இரண்டு வார்டிலும் ஒரே காற்றுதானே? கூட்டம் அதிகம் என்றார்கள் சிலர். இரண்டாவது வார்டில்தான் கூட்டம் அதிகம்!

சாகக்கிடப்பவர்களைப் பார்க்க வரும் பாதிரியார், முதல் வார்டு வழியாக மணி அடித்துக்கொண்டு போவது வழக்கம். அந்த மணி ஓசையில் பயந்து சாகிறார்களோ என்று செம்மல்வெய்ஸ் நினைத்தார். மணியை நிறுத்தினார். சாவு நிற்கவில்லை.

நண்பர் மரணம்

1847-ம் ஆண்டு மார்ச் மாதம். செம்மல்வெய்ஸ் வெனிஸ் நகருக்குப் போய்த் திரும்பினார். அவருடைய நண்பர் டாக்டர் கொலெட்ச்கா இறந்துவிட்டார் என்ற செய்தி காத்திருந்தது.

பிரேத பரிசோதனையின்போது, ஒரு மாணவரின் கத்தி நண்பரின் விரலில் பட்டுவிட்டது. சிறு காயம்தான். அதில் நஞ்சு ஏறி அவர் இறந்தார். அவர் உடலைச் சோதித்த அறிக்கையைச் செம்மல்வெய்ஸ் படித்தார். திடுக்கிட்டார். ஜன்னியில் இறந்த தாய்மார்களின் உடலில் கண்ட அதே அடையாளங்கள்!

உண்மை விளங்கிவிட்டது. டாக்டர்களும் மாணவர்களும் காலையில் பிணத்தை அறுத்தார்கள். அதே கையோடு பிரசவ வார்டுக்கு வந்து தாய்மார்களைத் தொட்டார்கள். பிணத்தின் நஞ்சு, கை வழியாகத் தாய்க்குப் போயிற்று. மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவது இல்லை. ஆகவே, அவர்கள் வார்டில் சாவு குறைவு.

செம்மல்வெய்சும் அதிகாலையில் பிணங்களை அறுத்துச் சோதித்தவர்தான். தன்னால் எத்தனை பேர் இறந்தார்களோ, அது கடவுளுக்குத்தான் தெரியும் என்று அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார்.

ஒரு சட்டித் தண்ணீர்

மே மாதம் வார்டு வாசலில் மருந்துத் தண்ணீர் வைத்தார். பின்னர் அதில் கலந்தது விலை மலிவான பிளீச்சிங் பவுடர். அதில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

ஏப்ரலில் 312 பிரசவங்களில் 57 தாய்மார்கள் இறந்திருந்தார்கள். ஜூனில் 268 பிரசவங்கள். இறந்தவர்கள் 6 பேர்! 1848-ம் ஆண்டில் மார்ச், ஆகஸ்டு ஆகிய இரு மாதங்களில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

டாக்டர்களின் கோபம்

பெரிய டாக்டர்கள் பலர் இதை ஏற்கவில்லை. ஏற்றால், இத்தனை காலமும் தாய்மார்களின் சாவுக்குத் தாங்களே காரணம் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே!

1849-ல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. கை கழுவச் சொன்னவரை, வியன்னா கைகழுவிவிட்டது!

மனம் உடைந்து தாய்நாடு திரும்பினார். பெஸ்ட் நகர ஆஸ்பத்திரியில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார். அங்கே 6 ஆண்டுகளில் 933 பிரசவங்கள். ஜன்னியால் இறந்தவர்கள் 8 பேர்தான்.

அவரிடமும் ஒரு குறை உண்டு. தன் கண்டுபிடிப்பை உடனே புத்தகமாக எழுதவில்லை. 1861-ல்தான் எழுதினார். அதையும் பலர் ஏற்கவில்லை. எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் தாக்கினார். பகை வளர்ந்தது.

நாளடைவில் மனநிலை பாதித்தது. 1865 ஜூலையில் அவரை வியன்னாவில் மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். இரண்டே வாரம். காயத்தில் சீழ் பிடித்து, ரத்தத்தில் நஞ்சு பரவி, ஆகஸ்டு 13-ந் தேதி இறந்தார். வயது 47. எந்த நஞ்சிலிருந்து தாய்மார்களைக் காப்பாற்றினாரோ, அதே மாதிரி நஞ்சு அவர் உயிரைக் குடித்தது!

1879-ல் பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்டர், பிரசவ ஜன்னிக்குக் காரணமான கிருமியைக் காட்டினார். செம்மல்வெய்ஸ் வழி சரி என்பதை உலகம் ஒப்புக்கொண்டது. புடாபெஸ்ட் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு 1969-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள்.

தவறு செய்யாத டாக்டர் இல்லை. தன் தவறைத் தானே தேடிக் கண்டுபிடித்து, ஊர் அறியச் சொன்னவர் செம்மல்வெய்ஸ். இன்று கையைக் கழுவிவிட்டுப் பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு டாக்டரும், ஒவ்வொரு நர்சும் அவர் சொல்லைத்தான் காப்பாற்றுகிறார்கள்.